பல்லில் பதிந்த ஊர்

மனிதர் உண்ணும் உணவு செரித்துக் குருதியாகவும் எலும்பாகவும் பல்லாகவும் மாறுகிறது. ஆதலால், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தோர் எதை உண்டனர், எங்கு வளர்ந்தனர் என்பதை அவர்களுடைய பற்களைக் கொண்டே அறியலாம்.

ஒரே தனிமத்தின் அணுக்களுள் சில, பிறவற்றைவிடச் சற்றுக் கனமானவை. இவ்வாறு நிறையால் வேறுபடும் அணுக்கள் ஐசோடோப்புகள் எனப்படும். அவற்றுள் காலப்போக்கில் சிதையாதவை நிலையான ஐசோடோப்புகள் ஆகும். கார்பன்-12, கார்பன்-13 ஆகிய இரண்டும் நிலையானவை. நெல்லும் கோதுமையும் காற்றிலிருந்து கார்பன்-13ஐக் குறைவாகவே ஏற்கின்றன. சோளமும் கம்பும் அவற்றைவிட மிகுதியாக ஏற்கின்றன. எனவே, அரிசி உணவை உண்டு வளர்ந்தவரையும், பாக்ரி எனப்படும் சோள ரொட்டியை உண்டு வளர்ந்தவரையும் பிரித்தறிய இயலும்.

உணவைப் போலவே ஊரும் பல்லில் பதிகிறது. பாறையிலுள்ள ஸ்ட்ரான்சியம் என்னும் தனிமம் மண், நீர், பயிர் வழியாக உடலை அடைகிறது. மும்பையின் அடியில் இருப்பது தக்காண எரிமலைப் பாறை. திருநெல்வேலியில் இருப்பதோ அதனினும் மிகப் பழமையான வேறு வகைப் பாறை. ஆகவே, இவ்விரு நிலங்களிலும் ஸ்ட்ரான்சியம்-87, ஸ்ட்ரான்சியம்-86 ஆகியவற்றின் விகிதம் வேறுபடும். எலும்பு வாழ்நாள் முழுவதும் புதுப்பிக்கப்படுகிறது. பல்லின் எனாமலோ இளமையில் உருவான பின் மாறுவதில்லை. நிலையான முதல் கடைவாய்ப்பல்லின் எனாமல் ஏறத்தாழ 3 வயதளவில் உருவாகிவிடுகிறது. பல் ஈறுக்கு வெளியே வருவது அதன் பின்னரே.

இன்றைய பாகிஸ்தானிலுள்ள ஹரப்பா, கி.மு. 2600 முதல் 1900 வரை செழித்திருந்த சிந்துவெளி நகரம். அங்கு அடக்கம் செய்யப்பட்டோரின் பற்களிலிருந்த ஸ்ட்ரான்சியத்தையும் காரீயத்தையும் அறிஞர்கள் அளந்தனர். 2015ஆம் ஆண்டு வெளியான அவ்வாய்வின்படி, அவர்களுள் பலர் அந்நகரில் வளர்ந்தவர் அல்லர். குழந்தைப் பருவத்தை வேறு நிலத்தில் கழித்துப் பின்னர் வந்து சேர்ந்தவர்கள். சிந்துவெளி எழுத்துகளை இன்றுவரை எவரும் ஐயமறப் படித்ததில்லை. எழுத்து கூறாத அப்பயணத்தைப் பற்கள் கூறிவிட்டன.

இன்று மாட்டுங்கா கடைகளில் பல மாநிலங்களின் அரிசியும் பருப்பும் காய்கறியும் கிடைக்கின்றன. ஆதலால், இக்காலத்தவரின் பற்களில் ஊரின் அடையாளம் அத்துணைத் தெளிவாக இராது. தம் நிலத்தில் விளைந்ததையே பெரிதும் உண்ட முன்னோரிடம் அது தெளிவாக விளங்குகிறது.

செயல்பாடு: தமிழ்நாட்டில் பிறந்து, தாராவியிலோ செம்பூரிலோ குடியேறிய முதியவர் ஒருவரிடம், அவர் இளமையில் உண்ட தானியங்கள் எவை, அவை எங்கு விளைந்தவை என்று கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.