பனியும் புகையும்: நாட்பட்ட சுவாச நோயாளரும் வானிலையும்

மார்கழி பிறந்ததும் ‘பனி கூடாது’ என்று முதியோரை வீட்டினுள் இருத்தி, கதவு யன்னல்களை அடைத்துவிடுவது எம்மவரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். தொய்வு, முட்டு என்று பேச்சுவழக்கிற் சுட்டப்படும் மூச்சுத் துன்பம் குளிர்காலத்தில் மிகுவதை அனுபவவாயிலாக அறிந்திருந்தமையே இதற்குக் காரணம் எனலாம். இவ்வனுபவ அறிவில் உண்மை உண்டு. ஆயினும், தீங்கு செய்வது பனி தானா, அன்றிப் பனிக்காலத்தில் அதனோடு சேர்ந்துவரும் வேறு காரணிகளா என்பதைத் தெளிந்து கொள்ளாவிடின், நாம் செய்யும் பாதுகாப்பே கேடாக முடிதல் கூடும். இவ்வினாவைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாட்பட்ட சுவாச நோய்களுள் இரண்டு இங்கு முதன்மையாகக் கருதத்தக்கன. ஒன்று ஆஸ்துமா, இதில் மூச்சுக்குழாய்கள் அழற்சியுற்று, சிறு தூண்டலுக்கும் சுருங்கும் இயல்பினவாகின்றன. மற்றையது நாட்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய். புகைத்தலாலும் நெடுங்காலம் அடுப்புப் புகையைச் சுவாசித்தலாலும் குழாய்கள் ஒடுங்கி, காற்றுப்பைகளும் சிதைவுறுகின்றன. முன்னையதில் அடைப்பு வந்து நீங்கும். பின்னையதில் அது முற்றாக நீங்குவதில்லை. ஆகவே, உடல்நலமுடையோர் உணராத வானிலை மாற்றமும் இந்நோயாளரைப் பாதித்துவிடுகின்றது.

நாம் உள்ளிழுக்கும் காற்று காற்றுப்பைகளை அடையுமுன் 37 பாகை செல்சியஸ் வெப்பத்தையும் நிறைவான ஈரப்பதனையும் பெறுகின்றது. இப்பணியைப் பெரும்பாலும் மூக்கே செய்து முடிக்கின்றது. குளிர்ந்த காற்று கொண்டிருக்கக்கூடிய நீராவி மிகக் குறைவு. அத்தகைய காற்றை விரைந்து மூச்சுவாங்கி வாயால் உள்ளிழுக்கும்போது, அதனை ஈரமாக்கும் பொறுப்பு மூச்சுக்குழாய்களின் உட்பரப்பைச் சாருகின்றது. அப்பரப்பு நீரை இழந்து வரள, அங்குள்ள கலங்கள் சில இரசாயனப் பொருள்களை வெளிவிடுகின்றன. குழாய்த் தசைகள் சுருங்குகின்றன. எனவே, குளிரோடு வறட்சியும் சேர்ந்தே மூச்சை இறுக்குகின்றது. மேலும், மழையிலும் குளிரிலும் மக்கள் நெருங்கியிருக்கும் வேளையில் தடிமனை உண்டாக்கும் வைரசுகள் எளிதிற் பரவுகின்றன. நோய் திடீரெனக் கடுமையாவதற்கு இத்தொற்றுக்களே மிகப் பொதுவான காரணமாகும்.

மழை காற்றைக் கழுவித் தூய்மையாக்கும் என்பது பொதுவாக உண்மையே. ஆனால் அதற்கும் விலக்கு உண்டு. 2016 நவெம்பர் 21ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் இடிமழைக் காற்று வீசியபோது, புல்லின் மகரந்த மணிகள் ஈரத்தால் வெடித்து, மூச்சுக்குழாய்களின் ஆழத்துக்குச் செல்லவல்ல நுண்டுகள்களாயின. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி வைத்தியசாலைகளை நாடினர், பத்துப்பேர் இறந்தனர். தமக்கு ஆஸ்துமா உண்டென்பதை அதுவரை அறியாதிருந்தோரும் பாதிக்கப்பட்டோருள் இருந்தனர்.

வானிலையின் மிகக் கொடிய செயல் புகையைச் சிறைப்படுத்துவதாகும். வழக்கமாக நிலமட்டக் காற்று வெப்பமடைந்து மேலெழும்போது புகையையும் உடன்கொண்டு செல்லும். காற்று அசையாத குளிரிரவில் நிலத்தையொட்டிய படை குளிர்ந்திருக்க, அதன்மீது வெப்பமான படை மூடிபோற் கவிந்துவிடுகின்றது. இதனையே வெப்பநிலை நேர்மாறல் என்பர். 1952 டிசெம்பர் 5 முதல் 9 வரை இலண்டன் மாநகரில் நிகழ்ந்தது இதுவே. நிலக்கரிப் புகை ஐந்து நாட்கள் நகரத்தை விட்டு அகலவில்லை. ஏறக்குறைய 4000 பேர் மாண்டனர் என்று அக்காலத்திற் கணிக்கப்பட்டது. பிற்கால ஆய்வுகள் 12000 வரை கூறுகின்றன. அதன் விளைவாகவே பிரித்தானியாவில் 1956ஆம் ஆண்டு தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. இலண்டன் மக்களுக்குக் குளிர் புதிதன்று. அக்குளிர் புகையைத் தடுத்து வைத்தமையே அழிவுக்குக் காரணமாயிற்று.

எமது நாட்டிலும் இத்தகைய அனுபவம் உண்டு. 2022 டிசெம்பரில் வங்காள விரிகுடாவில் மாண்டஸ் புயல் உருவாகியிருந்த வேளையில், இந்தியாவிலிருந்து வந்த மாசுற்ற காற்று இலங்கையைச் சூழ்ந்தது. டிசெம்பர் 9ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டன. வடக்கிலும் கிழக்கிலும் கடுங்குளிரால் கால்நடைகள் பெருந்தொகையாக இறந்தன. அன்று குளிரும் மாசும் ஒரே வாடைக்காற்றில் வந்தன. உடல் உணர்ந்தது குளிரை மட்டுமே.

இனி வீட்டினுள் நோக்குவோம். 2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி இலங்கைக் குடும்பங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை விறகையே எரிபொருளாகக் கொண்டிருந்தன. ஏறக்குறைய 1900 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், மூச்சொன்றிற் கிடைக்கும் ஒட்சிசன் கடல்மட்டத்திலும் பார்க்க ஐந்தில் ஒரு பங்களவு குறைவாகும். அத்தகைய மலைப்பகுதியின் தோட்ட லயன் அறையொன்றில், குளிருக்கு அஞ்சிக் கதவை அடைத்து, விறகடுப்பு மூட்டப்படுவதாகக் கொள்வோம். குளிர், ஈரச்சுவரிற் படரும் பூஞ்சணம், புகை ஆகிய மூன்றும் அங்கு ஒன்றுகூடுகின்றன. இலண்டனில் வானம் மூடியது போன்று இங்கு கதவு மூடுகின்றது. அடுப்பருகே நாள்தோறும் நிற்கும் பெண்களும் அவர்தம் குழந்தைகளுமே அதன் பயனை அனுபவிக்கின்றனர்.

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படுவது யாதெனில், பனிக்கு அஞ்சுவோர் புகைக்கு அதனினும் மிகுதியாக அஞ்சுதல் வேண்டும் என்பதாகும். வெளிக்காற்று மாசுற்றிருக்கும் நாளிற் கதவடைத்தல் தகும். அடுப்பு எரியும் வேளையில் அதனைத் திறத்தலே தகும். குளிரில் வெளிச்செல்வோர் மூக்கையும் வாயையும் துணியால் மூடி, மூக்கால் சுவாசித்தல் நன்று. அத்துணி குளிரைத் தணிக்குமேயன்றி நுண்ணிய மாசைத் தடுக்காது. யாவற்றினும் முதன்மையானது, மருத்துவர் விதித்த உள்ளிழுக்கும் தடுப்பு மருந்தை, நோய் தணிந்திருக்கும் வெயிற்காலத்திலும் நிறுத்தாதிருத்தலாகும். வானிலையை மாற்றும் ஆற்றல் எமக்கில்லை. ஆயின், அடுக்களைக்குப் புகைபோக்கி அமைப்பது எமது கைக்கு எட்டிய செயலே.