எஸ்.டபிள்யூ.ஓ. வழி நிகழ்பதிவு

எஸ்.டபிள்யூ.ஓ. என்பது நுண்கட்டுப்படுத்தியில் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் நிகழ்பதிவுகளை ஒற்றைக் கம்பி வழியாகக் கணினிக்கு அனுப்பும் சுவட்டு இடைமுகம் ஆகும். ஆர்ம் நிறுவனம் 2004 இல் அறிவித்த கார்டெக்ஸ்-எம்3 செயலியிலும், பின்னர் வந்த எம்4, எம்7 செயலிகளிலும் இவ்வசதி உண்டு. விலை குறைந்த எம்0, எம்0+ வகைகளில் இல்லை. சில்லு வாங்கும் முன் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

தேவை

நிரலில் பிழை தேடுவோர் முதலில் செய்வது, ஆங்காங்கே அச்சிடும் கட்டளைகளைச் சேர்ப்பதுதான். சிக்கல் என்னவென்றால், அச்சிடுவதற்கும் நேரம் பிடிக்கும். திண்டுக்கல் சமவெளியில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களுக்குப் பொருத்தப்படும் மின்னணுத் தொடக்கியை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் வற்றினாலோ ஒரு பேஸ் போனாலோ அது மோட்டாரை நிறுத்த வேண்டும். அதற்காக மில்லி விநாடிக்கு ஒருமுறை மின்னோட்டத்தை அளக்கிறது என்க. 40 எழுத்துச் செய்தி ஒன்றை விநாடிக்கு 1,15,200 பிட்டு வேகமுள்ள யுஆர்ட் வழியாக, ஒவ்வோர் எழுத்தும் போகும்வரை காத்திருந்து அனுப்பினால் ஏறத்தாழ 3.5 மில்லி விநாடி ஆகும். 72 மெகா ஹெர்ட்சில் ஓடும் சில்லுக்கு அது 2,50,000 கடிகாரத் துடிப்புகள். இடையில் மூன்று அளவீடுகள் தவறிவிடும். அச்சிடும் கட்டளை இருக்கும்போது ஒரு விதமாகவும், நீக்கினால் வேறு விதமாகவும் தொடக்கி நடந்துகொள்ளும். தேர்வறையில் மாணவனை எழுப்பி ஒவ்வொரு படியையும் உரக்கச் சொல்லச் சொன்னால் அவன் கணக்கு தடுமாறுவது போலத்தான் இது. அவன் ஓரத்தில் போடும் வழிக்கணக்கைப் பார்ப்பதே மேல்.

செயற்பாடு

செயலியினுள் ஐ.டி.எம். என்னும் சுவட்டு அலகு ஒன்று உள்ளது. அதில் 32 வாயில்கள் உண்டு. நிரல் ஒரு வாயிலில் 8, 16 அல்லது 32 பிட்டு மதிப்பை எழுதினால் போதும். அதைப் பொதியாக்கி எஸ்.டபிள்யூ.ஓ. முனை வழியே வெளியே தள்ளும் வேலையை வன்பொருளே பார்த்துக்கொள்ளும். பொதியின் முதல் பைட்டு வாயில் எண்ணையும் அளவையும் சொல்லும். எடுத்துக்காட்டாக, 0 ஆம் வாயிலில் ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஏ’யை எழுதினால் கம்பியில் செல்பவை பதினறும எண்களில் 01, 41 ஆகிய இரண்டு பைட்டுகள். இதே எழுத்தை 1 ஆம் வாயிலில் எழுதினால் 09, 41 செல்லும். இதனால் மின்னோட்ட அளவை ஒரு வாயிலிலும், பிழைச் செய்தியை இன்னொன்றிலும் அனுப்பிக் கணினியில் தனித்தனியே பிரிக்கலாம்.

எழுத்து எழுத்தாக அனுப்புவது இங்கும் வீண்செலவுதான். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு தலைப்புப் பைட்டு கூடுதலாகப் போகிறது. அளவீட்டை 32 பிட்டு எண்ணாகவே எழுதி, வாக்கியமாக்கும் வேலையைக் கணினியிடம் விடுவது சிக்கனம். 2 மெகா பிட்டு வேகத்தில் அப்படி ஓர் எண் கம்பியைக் கடக்க 25 மைக்ரோ விநாடி போதும். செயலிக்கோ ஒரு சில கட்டளைகளின் வேலைதான்.

ஐ.டி.எம்.மின் இடைச்சேமிப்பு மிகச் சிறியது. அது நிரம்பியபின் எழுதினால் தரவு தொலையும். தொலைந்ததைத் தெரிவிக்கத் தனிப் பொதி ஒன்று வரும். இடம் கிடைக்கும்வரை காத்திருக்குமாறு நிரல் எழுதலாம். சிஎம்சிஸ் நூலகத்தின் எழுத்து அனுப்பும் செயற்கூறு அப்படித்தான் செய்கிறது. ஆனால் அளவுக்கு மீறி அனுப்பினால் பழைய காத்திருப்பே திரும்பி வரும். சுவட்டு அலகு முடுக்கப்படாத நிலையில் அச்செயற்கூறு எதையும் அனுப்பாமல் திரும்பிவிடும். எனவே அதே நிரலை வயலுக்கு அனுப்பும் கருவியிலும் விட்டுவைக்கலாம்.

இணைப்பு

வழுநீக்கியின் இரு கம்பிகளோடு மூன்றாவதாக எஸ்.டபிள்யூ.ஓ. கம்பியையும் இணைக்க வேண்டும். எஸ்டிஎம்32எஃப்103 சில்லில் அது பிபி3 முனை. மலிவான வழுநீக்கிகள் சிலவற்றில் இந்த மூன்றாம் கம்பிக்கு இடமே இருக்காது. கடிகாரக் கணக்கும் பொருந்த வேண்டும்: 72 மெகா ஹெர்ட்சை 36 ஆல் வகுத்தால் 2 மெகா ஹெர்ட்சு, வகு எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து 35 என்று பதிவகத்தில் இட வேண்டும். சில்லின் கடிகாரத்தைக் கணினியில் தவறாகக் குறித்தால் திரையில் பொருளற்ற குறிகள்தாம் வரும்.

மோட்டார்த் தொடக்கி போன்றவற்றில் ஓர் எச்சரிக்கை மிக முக்கியம். மின்மாற்றி இல்லாமல் மின்தேக்கி வழியாகவே மின்சாரம் எடுக்கும் பலகைகளில், சில்லின் தரை முனையிலேயே உயிருள்ள மின்னழுத்தம் இருக்கக்கூடும். மடிக்கணினியை நேரடியாக இணைத்தால் கணினி எரியும்; கைவைப்பவர் உயிருக்கும் ஆபத்து. பிழை தேடும்போது மின்னிணைப்பைத் துண்டித்து, பலகைக்குத் தனிமைப்படுத்திய 3.3 வோல்ட்டு மின்வழங்கியைத் தருவதே முறை. மோட்டாருடன் ஓட்டியே பார்க்க வேண்டுமென்றால் யு.எஸ்.பி. தனிமைப்படுத்தி கட்டாயம் வேண்டும்.

பிற வழிகள்

செமி-ஹோஸ்டிங் முறையில் ஒவ்வொரு செய்திக்கும் செயலி முழுதாக நிற்கிறது. நேரம் முக்கியமான இடங்களுக்கு ஆகாது. செக்கர் நிறுவனத்தின் ஆர்.டி.டி. முறையில் நிரல் செய்தியை நினைவகத்தில் எழுதி வைக்க, வழுநீக்கி அதைப் படித்துக்கொள்கிறது. தனி முனை தேவையில்லாததால் எம்0 சில்லுகளுக்கு இதுவே ஏற்றது. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான சக்தி செயலிகள் ரிஸ்க்-வி கட்டமைப்பைச் சேர்ந்தவை. ஐ.டி.எம். ஆர்ம் நிறுவனத்துக்கு உரியது என்பதால், அவற்றில் ஜேடேக் வழியாக வழுநீக்கமும் யுஆர்ட் வழியாகச் செய்தி அச்சிடுதலும் நடைபெறுகின்றன.