பசுங்கூரையும் உயிரிக்கரியும்

நிலத்தில் வேரூன்றிய செடிக்கு மண்ணின் ஆழம் துணைநிற்கிறது. மேல்மண் காய்ந்தாலும் கீழ்மண்ணின் ஈரத்தைத் தேடி வேர் இறங்கும். கட்டடத்தின் கூரையில் வளரும் செடிக்கோ அவ்வாய்ப்பு இல்லை. அதன் வேருக்குக் கீழே சில விரற்கடை மண். அதற்கும் கீழே கற்காரைத் தளம். இச்சிறிய இடத்திற்குள் நீர், உணவு, காற்று ஆகிய மூன்றையும் செடிக்கு அளிப்பது எவ்வாறு? இவ்வினாவிற்குரிய விடைகளுள் ஒன்று உயிரிக்கரி.

கூரையின் எல்லை

கூரையின்மீது நீர்க்கசிவைத் தடுக்கும் படலத்தையும் வடிகால் அடுக்கையும் அமைத்து, அவற்றின்மேல் மண்கலவையைப் பரப்பிச் செடிகளை வளர்ப்பதே பசுங்கூரை. வெயிலின் வெப்பம் கட்டடத்திற்குள் இறங்குவதை அது குறைக்கிறது. மழைநீரைத் தேக்கிச் சிறிது சிறிதாக வடியவிடுவதால் நகரின் வடிகால்களுக்கு வரும் வெள்ளமும் தணிகிறது.

எனினும், கூரை தாங்கும் சுமைக்கு ஓர் எல்லையுண்டு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 10 செ.மீ. உயரத்திற்கு நிற்கும் நீரின் எடையே 100 கிலோ. மண்ணோ நீரினும் கனமானது. ஆகவே, எளிய பசுங்கூரைகளில் எரிமலை நுரைக்கல் போன்ற இலேசான பொருள்கள் கலந்த மண்ணை மெல்லிய அடுக்காகவே பரப்புகின்றனர். இம்மண் விரைவில் காய்ந்துவிடும். அதிலிட்ட உரத்தை மழைநீர் கரைத்துச் செல்லும். அவ்வாறு கரைந்த சத்து ஆறு, ஏரிகளை அடைந்தால் அங்குப் பாசி பெருகி நீர் கெடும். கூரையில் செய்த நன்மை ஆற்றில் தீமையாக முடியலாம்.

கரியின் இயல்பு

மரத்துண்டு, உமி, தேங்காய்ச் சிரட்டை போன்றவற்றை உயிர்வளி மிகக் குறைந்த நிலையில் சூடாக்கினால், அவை சாம்பலாகாமல் கரியாகின்றன. மண் மூடிய கரிமூட்டத்தில் விறகு கரியாவதும் இவ்வாறே. மண்ணை வளப்படுத்துவதற்கென உருவாக்கப்படும் கரியே உயிரிக்கரி எனப்படுகிறது.

மரம் உயிருடன் இருந்தபோது நீரை மேலேற்றிய நுண்குழல்கள், அது கரியான பின்னும் நுண்துளைகளாக எஞ்சுகின்றன. அவை மழைநீரைப் பற்றிக்கொண்டு வேருக்கு மெல்ல வழங்குகின்றன. துளைகளின் உட்பரப்பு உரச்சத்துகளை ஈர்த்துவைக்கிறது, நுண்ணுயிர்களுக்கும் உறைவிடமாகிறது. கரி எளிதில் மட்குவதில்லை. அமேசான் காட்டில் தொல்குடிகள் வாழ்ந்த இடங்களில், கரியும் எலும்பும் உணவுக்கழிவும் சேர்ந்து உருவான கருமண், பல நூற்றாண்டுகள் கடந்தும் வளங்குன்றாமல் இருக்கிறது. எடை குறைந்த பொருளாதலால் கரி கூரைக்கும் ஏற்றது.

போர்ட்லாந்து ஆய்வு

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள போர்ட்லாந்து, பசுங்கூரைகளை ஊக்குவித்துவரும் நகரம். அங்குள்ள மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பசுங்கூரை மண்ணில் 7 விழுக்காடு உயிரிக்கரி கலந்து தட்டுகளில் நிரப்பிச் செடிகளை வளர்த்தனர். கரி கலவாத மண்ணையும் ஒப்பீட்டிற்கு வைத்து, இரண்டின்மீதும் செயற்கை மழையைப் பொழியச் செய்தனர். கரி கலந்த மண் கூடுதல் நீரைத் தேக்கியது. வடிந்த நீரில் கலங்கல் குறைந்தது. தழைச்சத்தும் மணிச்சத்தும் வெளியேறுவது பெரிதும் குறைந்தது. இம்முடிவுகள் 2011ஆம் ஆண்டு வெளியாயின.

பயன்படுத்தும் முறை

உயிரிக்கரி உரமன்று, உரத்தைக் காக்கும் கலம். வெறுங்கரியை இட்டால், அது மண்ணிலுள்ள சத்தையே முதலில் ஈர்த்துக்கொண்டு செடியை வாடச் செய்யக்கூடும். ஆகவே, மட்கிய உரத்துடன் கலந்து சில வாரங்கள் ஊறவைத்த பின்னரே அதனைப் பயன்படுத்துதல் வேண்டும். கரி பெரும்பாலும் காரத்தன்மை உடையதாதலால் அளவு மிகுதல் கூடாது. நுண்தூள் காற்றில் பறந்துவிடும் என்பதால், ஈரப்படுத்தி மண்ணோடு நன்கு கலப்பது இன்றியமையாதது.

கழிவெனத் தீயிடப்படும் உமியும் சிரட்டையும் கரியாகி மண்ணில் சேரும்போது, புகையாகிக் காற்றில் கலந்திருக்கவேண்டிய கரிமத்தின் ஒரு பகுதி நெடுங்காலம் மண்ணிலேயே தங்குகிறது. விரற்கடை மண்ணும் முறையறிந்து பேணப்பட்டால் செடியை வாழவைக்கும். அதிலிருந்து வடியும் நீர் சென்றுசேரும் ஆற்றையும் காக்கும்.