சுடுதண்ணீர் ஏன் நூலாய் ஒழுகுகிறது?

சுடுதண்ணீரை ஆடம்பரம் என்று சொல்பவர்கள், நுவரெலியாவில் சனவரி மாத விடியலில் பீலியில் நின்று ஒருமுறை குளித்துப் பார்க்க வேண்டும். 1,800 மீற்றருக்கு மேல் உயரமுள்ள அந்த ஊரில் அக்காலத்தில் புல்லின் மேல் உறைபனி விழுவதுண்டு. மழையில் நனைந்து கொழுந்து பறித்து வரும் தாய்க்கும், கைக்குழந்தைக்கும், மூச்சிழுப்புள்ள முதியவருக்கும் சுடுதண்ணீர் அன்றாடத் தேவை.

அன்று துரை பங்களாக்களுக்கு விறகில் எரியும் பொயிலர் இருந்தது. லயத்துக்கு அடுப்புப் பானைதான். இன்று லயத்தை விட்டுத் தனி வீட்டுக்கு வந்த சில குடும்பங்களும் குசினிக்குப் பின்னால் சிறு பொயிலர் வைத்திருக்கின்றன. விறகு எரிகிறது, தண்ணீர் கொதிக்கிறது, குழாயில் மட்டும் நூலாய் ஒழுகுகிறது. தாங்கியை உயர்த்து என்கிறார் ஒருவர், இன்னும் விறகு போடு என்கிறார் மற்றவர். பெரும்பாலும் குற்றம் இரண்டிலும் இல்லை, குழாயின் வயிற்றில்தான் இருக்கிறது.

நம் மலைகளின் ஊற்றுநீர் சுண்ணாம்பு குறைந்த மென்மையான நீர். யாழ்ப்பாணக் கிணற்று நீரைப் போல் கேத்தலில் வெள்ளைப் படிவம் விடாது. 1977, 1983 வன்செயல்களால் வன்னிக்குப் போய் வாழ்ந்தவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியும். ஆனால் இந்த மென்மையான நீர் இரும்பை அரிக்கும். நாகம் பூசிய இரும்புக் குழாயில் முதலில் நாகம் கரைகிறது, பிறகு இரும்பு துருவேறி உட்புறம் கட்டிகட்டியாகத் திரள்கிறது. சூடு இதை விரைவுபடுத்துகிறது. ஆகவே குளிர்நீர்க் குழாய் நன்றாக இருக்கும்போதே சுடுநீர்க் குழாய் அடைத்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். அரை அங்குலக் குழாயின் உள்விட்டம் ஏறத்தாழ 15 மில்லிமீற்றர். சுற்றிலும் 5 மில்லிமீற்றர் துரு திரண்டால் நடுவில் 5 மில்லிமீற்றர்தான் மிச்சம். விட்டம் மூன்றில் ஒன்றானால் வழியின் பரப்பு ஒன்பதில் ஒன்றாகிறது. துருவின் சொரசொரப்பு தண்ணீரை இன்னும் தடுக்கிறது. தாங்கியை ஒரு மீற்றர் உயர்த்தினால் கூடும் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான். அதனால் இந்த அடைப்பு திறக்காது.

காசு செலவழிக்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். பத்து லீற்றர் வாளியைக் குளிர்நீர்க் குழாயில் நிரப்பி நேரம் பாருங்கள். பிறகு சுடுநீர்க் குழாயில் நிரப்புங்கள். இரண்டும் மெதுவாயிருந்தால் தாங்கியிலிருந்து வரும் பொதுக்குழாயில் கோளாறு. சுடுதண்ணீர் மட்டும் மெதுவென்றால் பொயிலரிலிருந்து வரும் குழாயை மாற்ற வேண்டும். முழுவதையும் மாற்றுங்கள். கண்ணுக்குத் தெரியும் துண்டை மட்டும் மாற்றினால், பொயிலரை ஒட்டிய முதல் சில அடிகளில் அடைப்பு அப்படியே இருக்கும்.

ஹார்ட்வெயார் கடையில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண பீ.வி.சி. குழாய் குளிர்நீருக்கு மட்டுமே. 60 பாகை செல்சியசுக்கு மேல் அது இளகித் தொய்யும். சுடுநீருக்கென்றே விற்கும் சீ.பீ.வி.சி. குழாயையும் அதற்குரிய பசையையும் கேட்டு வாங்குங்கள். பொயிலரை ஒட்டிய துண்டு உலோகமாகவே இருக்கட்டும். தாங்கி தாழ்வாக இருக்கும் வீட்டுக்கு அரை அங்குலத்தை விட முக்கால் அங்குலமே நல்லது. குழாய் நடுவில் கூன் விழுந்து ஏறி இறங்கக் கூடாது. சூடான நீரிலிருந்து பிரியும் காற்று அந்தக் கூனில் தங்கித் தண்ணீரை மறிக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். பொயிலரின் உச்சியிலிருந்து தாங்கிக்கு மேலே போய்த் திறந்திருக்கும் ஆவிக்குழாயை ஒருபோதும் மூடாதீர்கள், அதில் வால்வும் பொருத்தாதீர்கள். ஆவிக்கு வழி இல்லாவிட்டால் பொயிலர் வெடிக்கும். குழாய் மாற்றும் நாளில் அதையும் கழற்றிப் பாருங்கள். அதற்குள்ளும் துரு அடைத்திருக்கலாம். பொயிலர் தண்ணீரைக் குடிக்கவோ குழந்தைக்குப் பால் கரைக்கவோ எடுக்க வேண்டாம்.

2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலைநாடெங்கும் மண்சரிவைக் கொண்டு வந்தது. இப்படி இடம்பெயர்ந்து புதிதாய்க் குடியேறும்போது, இடிந்த வீட்டில் கழற்றிய குழாய்களையே மீண்டும் பூட்டத் தோன்றும். கையில் காசில்லாதவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆயினும் துருவேறிய குழாய் வீட்டுக்குப் பின்புறச் சரிவில் புதைந்தபடி கசிந்தால், மழையில்லாத நாளிலும் மண் ஈரத்தில் ஊறும். சரிவில் போகும் குழாயை முடிந்தவரை நிலத்துக்கு மேலே கொண்டு போங்கள், கசிவு உடனே கண்ணில் படும். காரணமின்றி மண் ஈரமாகவே இருந்தாலோ, நிலத்திலும் சுவரிலும் புது வெடிப்பு கண்டாலோ வீட்டை விட்டு வெளியேறி, கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தாரை வரவழையுங்கள்.

கழற்றிய இரும்புக் குழாய்கள் போஞ்சிக் கொடிக்கு நல்ல ஊன்றுகோல்.