பாய்லர் வந்தது, புழக்கடை எங்கே?

மார்கழி பிறந்தால் பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் விடியும் முன்பே புகை எழும். பன்னாடையைச் சுருட்டிப் பற்றவைத்து, மேலே ஒரு பாளை, நாலு கொட்டாங்குச்சி. சோறாக்க அல்ல, குளிக்க. சமையலுக்கு கேஸ் வந்து எத்தனையோ வருஷமாகியும் வெந்நீர் அடுப்பு மட்டும் அணையவில்லை. தோப்பில் விழுவதை எரிக்க யாருக்குக் காசு கொடுக்க வேண்டும்?

நகரத்துக்காரர்களுக்கும் இப்போது அந்த ஆசை. செம்பு பாய்லரைத் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். அழகான பண்டம்தான். நடுவில் புகைக்குழல், அதைச் சுற்றித் தண்ணீர். அடியில் மூட்டிய தீ குழலில் ஏறிப்போகிற போக்கிலேயே தண்ணீரைக் காய்ச்சிவிடும். பழைய வகை ஒன்றில், வாயில் ஒரு சொம்பு பச்சைத்தண்ணீர் ஊற்றினால் அது அடிக்குப் போகும். மேலே நிற்கும் வெந்நீர் ஒரு சொம்பு வெளியே வந்து விழும். வாய் திறந்தே இருப்பதால் உள்ளே அழுத்தம் சேராது.

20 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுவர அரை யூனிட் மின்சாரத்தின் சூடுகூட வேண்டாம். மூன்று கல் கூட்டி அண்டா ஏற்றினால் அதற்கே கிட்டத்தட்ட ஒரு கிலோ விறகு போகும். சூட்டில் பெரும்பங்கு காற்றுக்குத்தான். பாய்லரில் அந்த விரயம் குறைவு. மாடியில் சோலார் ஹீட்டர் வைத்தால் விறகே வேண்டாமே என்பவர்களும் உண்டு. இருக்கட்டும்.

என் கவலை வேறு. பாட்டி வீட்டில் பாய்லர் நின்றது புழக்கடையில், கூரை மட்டும் உள்ள சாய்ப்பில். இப்போது அதைக் குளியலறைக்குள்ளேயே கொண்டுவருகிறார்கள். புகை அடங்கியதும் ஆபத்து தீர்ந்தது என்று கதவைச் சாத்துகிறார்கள். கொட்டாங்குச்சிக் கங்கு புகையே இல்லாமல் கனன்றுகொண்டிருக்கும் அந்த நேரத்தில்தான் கார்பன் மோனாக்சைடு கிளம்பும். நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு கிறக்கம். வெந்நீரின் சுகம் என்று நினைத்துக்கொண்டே சரிந்துவிடலாம்.

கோவையில் என் உறவினர் ஒருவர் மூன்றாம் மாடியில் பாய்லர் வைத்திருக்கிறார். நான் படுத்திய பாட்டில் அதை பால்கனிக்கு நகர்த்தி, தகரக் குழாய் ஒன்றும் மாட்டினார். குழாயின் வாய் நாலாம் மாடி ஜன்னலுக்கு நேர் கீழே முடிகிறது.