படலத்தின் நினைவு

மகிழுந்தின் முகப்புப் பலகையை, அதாவது டாஷ்போர்டை, தம் விருப்பப்படி வினைல் படலம் வெட்டி ஒட்டி அணிசெய்ய விழைவோர் முதலில் வெட்டுப்பொறியின் விலையையும் விரைவையுமே வினவுகின்றனர். முந்தி எழ வேண்டிய வினா வேறு: வெட்டப்படும் வினைல் படலம் எவ்வாறு பிறந்தது?

பாலிவினைல் குளோரைடையும் நெகிழ்வூட்டியையும் சூட்டோடு பிசைந்து, உருளைகளுக்கிடையே நசுக்கி இழுத்துத் தகடாக்குவது ஒரு முறை. அவ்வாறு வரும் படலம் பெரும்பாலும் 75 முதல் 100 மைக்ரான் தடிப்புடையது. நெகிழியை நீர்மமாக்கி, தாளின்மேல் மெல்லெனப் பரப்பி, அடுப்பில் உலர்த்தி வார்ப்பது மற்றொரு முறை. இது 50 மைக்ரான் அளவே தடித்தது. உருட்டிய படலத்தில், இழுபட்ட நீள்மூலக்கூறுகள் அந்த இழுவிசையோடே உறைந்துவிடுகின்றன. வெப்பம் பட்டவுடன் பழைய நிலைக்கு மீள முயல்கின்றன; இதுவே படலத்தின் நினைவு. வார்த்த படலமோ தளர்ந்த நிலையிலேயே உறைந்தது. மீள்வதற்கு அதனிடம் ஏதுமில்லை.

முகப்புப் பலகையில் அந்த வெப்பத்துக்குக் குறைவில்லை. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட அளவீட்டின்படி, கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற மகிழுந்துகளில் அப்பலகையின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 69 பாகை செல்சியசு. அத்தகைய வெயிலில் உருட்டிய படலம் சுருங்குகிறது. விளிம்பில் மயிரிழை அளவு பசை வெளிப்படுகிறது. அங்கே தூசு படிந்து கருங்கோடாகிறது.

அடுத்த இடையூறு வடிவியலைச் சார்ந்தது. ஓலையைச் சுருட்டிக் காதுக்குழை ஆக்கலாம். அதே ஓலையால் பனங்காயைச் சுருக்கமின்றிப் போர்த்த இயலாது. தட்டையான தாள் ஒரு திசை வளைவுக்கு இசையும், இரு திசை வளைவுக்கு இசையாது என்னும் இவ்வுண்மை, காஸ் 1827இல் நிறுவிய தேற்றத்திலிருந்து பிறப்பது. ஒலிக்கருவியைச் சூழ்ந்த சட்டத்தின் நேர்விளிம்புகள் எளிதில் அடங்கிவிடும். மூலைகளே அடங்குவதில்லை. அங்கே படலத்தை வெப்பக்காற்றால் இளக்கி இழுத்தாக வேண்டும். இழுத்த கணமே வார்ப்புப் படலமும் ஒரு நினைவைப் பெற்றுவிடுகிறது! அதை அழிக்க, ஒட்டிய பின் 90 பாகைக்கு மேல் சூடேற்றி விசையைத் தளர்த்துவர். ஆனால் அடியிலுள்ள சட்டம் ஏபிஎஸ் நெகிழி எனில், அது 105 பாகையருகே இளகத் தொடங்கும். வெப்பமானியின்றி இச்செயலில் இறங்குதல் தகாது.

இனி வெட்டுப்பொறி. அதன் அலகின் நுனி, சுழலும் அச்சுக்கு நேர்கீழே இராமல், பெரும்பாலும் கால் மில்லிமீட்டர் பின்தள்ளி அமைந்துள்ளது. தள்ளுவண்டியின் திரும்பு சக்கரம் போல, இழுக்கும் திசைக்குத் தானே திரும்பிக்கொள்கிறது. கூர்மூலை வரும்போது பொறி அந்தக் கால் மில்லிமீட்டரைக் கடந்து சென்று, சிறு வில் வரைந்து அலகைத் திருப்ப வேண்டும். இத்திருத்தம் தவறினால் மூலைகள் மழுங்கும். தொடங்கிய புள்ளியில் கோடு வந்து கூடாது. ஆழம் அதனினும் நுட்பமானது. படலமும் பசையும் அறுபட வேண்டும்; சிலிக்கோன் பூசிய பின்தாள் அறுபடலாகாது. பின்தாளில் மெல்லிய கீறல் மட்டும் தெரிந்தால் அழுத்தம் சரி. கைவந்தோர் ஒவ்வொரு சுருளிலும் சிறு சதுரமொன்றை முதலில் வெட்டிப் பார்ப்பது இதற்காகவே.

பசை பற்றுவது பரப்பாற்றலைப் பொறுத்தது. நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூட்டன். பலகைகளில் மிகுதியாகப் பயன்படும் பாலிபுரொப்பிலீனின் பரப்பாற்றலோ 30 அளவே. நீர் அதன்மேல் பரவாது திவலையாய் நிற்பது போல, பொதுப்பசையும் அதில் முழுமையாகப் படர்வதில்லை. தோல்போன்ற சொரசொரப்பு இருந்தால் பசை மேடுகளை மட்டுமே தொடும். ஆதலால் வழவழப்பான அணிச்சட்டங்களோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை என்பது என் துணிபு. பளபளப்பூட்டும் சிலிக்கோன் மெருகு படிந்திருப்பின், அதை முற்றும் நீக்கி, ஐசோபுரொப்பைல் ஆல்ககாலால் துடைத்த பின்னரே ஒட்ட வேண்டும்.

பலகையின் மேற்புறத்தில் மின்னும் படலம் வேண்டா. முன்கண்ணாடியில் அதன் எதிரொளி விழுந்து சாலையை மறைக்கும். பயணி முன்னுள்ள காற்றுப்பை மூடியையோ எக்காரணங்கொண்டும் தொடலாகாது. பல மகிழுந்துகளில் அம்மூடியின் உட்புறத்தில், கண்ணுக்குப் புலப்படாத மெலிந்த கோடொன்று உண்டு. மோதலின்போது காற்றுப்பை அக்கோட்டைக் கிழித்துக்கொண்டு, ஏறத்தாழ ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்குக்குள் விரிந்தாக வேண்டும். கிழிய மறுக்கும் படலம் அக்கோட்டின் குறுக்கே இருத்தலாகாது.