குறி காண்டலும் கணை விடுதலும்

துரோணர் தம் மாணாக்கரைச் சோதித்த வரலாற்றை வகுப்பில் எடுத்துரைக்காத தமிழாசிரியர் அரியர். மரக்கிளையில் பொய்ப்பறவை ஒன்றை அமர்த்தி, வில்லை வளைத்து நிற்கும் ஒவ்வொருவரையும் நோக்கி, காண்பது யாது என ஆசான் வினவினார். மரத்தையும் உடன்பிறந்தாரையும் ஆசானையும் கண்டதாகக் கூறியோர் விலக்கப்பட்டனர். பறவையின் தலையன்றி வேறொன்றும் காணேன் என்ற அருச்சுனனே வென்றான். 'குறியொன்றையே நோக்குக' என்பது இதனின்று மாணவர்க்கு உரைக்கப்படும் அறிவுரை.

ஆயின், குறியைக் காண்டலே சில வில்லாளர்க்குக் கேடாய் முடிகின்றது என்றால் பலர் வியப்பர். பல்லாண்டு பயின்ற வில்லாளர் ஒருவர் நாணை இழுத்து நிற்கிறார். குறிப்பலகையின் நடுவிலுள்ள மஞ்சள் வட்டத்தை நோக்கி வில்லை நகர்த்துகிறார். வட்டத்தை அடையுமுன்னரே கை தானே நாணை விட்டுவிடுகின்றது. அன்றி, வட்டத்திற்குச் சற்றுக் கீழே வில் உறைந்து நின்றுவிடுகின்றது. எத்துணை முயன்றும் மேலே ஏற மறுக்கின்றது. வேறு சிலர்க்கு வில் நடுவிலேயே நிற்கும். விரல் மட்டும் நாணை விட இணங்காது. இந்நிலையை மேனாட்டு வில்லாளர் 'டார்கெட் பேனிக்' என்பர். தமிழில் குறியச்சம் எனலாம். இதனால் வில்லையே துறந்தோரும் உளர்.

பிற கலைகளிலும் உள்ள நோய்

இஃது இக்காலத்தார் கண்ட புதுமை அன்று. சப்பானியர் தம் மரபு வில்வித்தையில், உரிய காலத்திற்கு முன்னரே நாண் விடுபடும் குற்றத்தை 'ஹயாகே' எனப் பெயரிட்டு அறிந்திருந்தனர். செருமானிய மெய்யியல் பேராசிரியர் ஆய்கன் எரிகல், 1920களில் சப்பானில் பணியாற்றியபோது ஆவா கென்சோ என்னும் ஆசானிடம் வில் பயின்றார். நாணை அதிர்வின்றி விடுதலே அவர்க்குப் பெருந்தடையாயிற்று. விரலை மெல்லத் தளர்த்தும் உபாயம் ஒன்றைத் தாமே கண்டு செய்துகாட்ட, ஆசான் அதனை ஏலாது சினந்தார். 1948-இல் வெளிவந்த தம் நூலில் எரிகலே இதனை எழுதியுள்ளார்.

எறியீட்டி விளையாட்டில் ஐந்து முறை உலக வாகை சூடிய ஆங்கிலேயர் எரிக் பிரிஸ்டோ, 1980களின் பிற்பகுதியில் கையிலுள்ள ஈட்டியை விட இயலாது தவித்தார். கோல்ப் ஆட்டக்காரர்க்கும் பந்தைத் தட்டும் வேளையில் மணிக்கட்டு துள்ளுவது உண்டு. இவற்றை ஆராய்ந்தோர் இரு காரணங்களைக் கூறுவர். ஒன்று, ஒரே நுண்செயலைப் பன்முறை செய்தலால் அச்செயலுக்குரிய தசைகளை ஆளும் நரம்பு முறை பிறழ்தல், மற்றொன்று, மனக்கலக்கம். சிலரிடத்து முன்னது மிகும். சிலரிடத்துப் பின்னது மிகும். இரண்டும் கலந்து நிற்றலும் உண்டு.

அச்சம் எங்ஙனம் பிறக்கின்றது?

வில்லை ஏந்திய கை எவர்க்கும் முற்றும் அசையாது நில்லாது. குறிகாட்டும் புள்ளி மஞ்சள் வட்டத்தைச் சுற்றி அலைந்துகொண்டே இருக்கும். அது நடுவை எட்டும் நொடியில் 'இப்போது விடு' என வில்லாளர் விரலுக்குக் கட்டளையிடுகின்றார். நாண் விடுபடும்போது அதிர்ச்சி உண்டாகுமாதலின், அதனைத் தாங்க உடலும் முன்கூட்டியே இறுகுகின்றது. இவ்வாறு ஆயிரம் முறை செய்தபின், நடுவட்டத்தின் தோற்றமே கட்டளையாகிவிடுகின்றது. ஆசிரியப் பயிற்சியில் பாவ்லோவின் ஆய்வைப் படித்தோர் இதனை எளிதில் உணர்வர். மணியோசை கேட்ட நாய்க்கு உணவு வருமுன்னரே வாயூறியது போல, மஞ்சளைக் கண்ட கைக்கு மனம் ஆணையிடுமுன்னரே விரல் அசைகின்றது. அவ்வசைவை அடக்க முயல்வோர்க்கு, வில் வட்டத்தின் அருகே செல்லவே மறுத்து உறைகின்றது. எனவே இஃது ஊக்கக் குறைவு அன்று. தவறாகப் பதிந்த பழக்கம்.

நாண் விடும் கருவிகள்

நாணை இழுக்கவும் விடவும் விரலுக்குத் துணை தேடுதல் மிகப் பழைய வழக்கம். கோதை, புட்டில் என்னும் தமிழ்ச் சொற்கள் வில்லாளர் கைக்கும் விரலுக்கும் இட்ட தோற்காப்புகளைக் குறித்து வழங்கின. ஆசியாவின் பல நாடுகளில் கட்டைவிரலில் வளையமிட்டு நாணை இழுத்தனர். சீனத்தின் ஆன்யாங்கில் 1976-இல் அகழப்பட்ட பூ காவ் அரசியின் கல்லறையில் பச்சைக்கல்லால் ஆன அத்தகைய வளையம் கிடைத்தது. அதன் காலம் ஏறத்தாழ கி.மு. 1200. ஏகலைவனிடம் துரோணர் கேட்டது வலக்கைக் கட்டைவிரல் என்பதன் கொடுமை, இம்முறையை அறிந்தார்க்கே முழுதும் விளங்கும்.

இக்காலக் கருவிகள் கூட்டு வில்லோடு வளர்ந்தவை. அமெரிக்கராகிய ஆலெஸ் வில்பர் ஆலன் 1966-இல் காப்புரிமை வேண்டி, 1969-இல் பெற்ற இவ்வில்லின் இரு முனைகளிலும் உருளைகள் உள்ளன. முழுதும் இழுத்தபின் கையில் தாங்கவேண்டிய விசை பெரிதும் குறையும். 60 பவுண்டு விசையுள்ள வில், 75 விழுக்காடு தளருமாயின், இழுத்து நிற்கும்போது 15 பவுண்டே கையில் தங்கும். ஆதலின் நெடுநேரம் குறிபார்க்க இயலும். குறியைப் பெரிதாக்கிக் காட்டும் ஆடியும் உண்டு. இந்நன்மைகளே அச்சத்திற்கும் இடமாயின. நெடுநேரம் நிற்பவர் தம் கையின் அலைவையும் நெடுநேரம் காண்கின்றார்.

கூட்டு வில்லார் விரலால் நாணைப் பற்றாது கருவியால் பற்றுவர். மணிக்கட்டில் கட்டிச் சுட்டுவிரலால் விசையை அழுத்துவது ஒருவகை. கைக்குள் பிடித்துக் கட்டைவிரலால் பொத்தானை அழுத்துவது மற்றொரு வகை. மூன்றாவது கீல் கருவி. இதற்கு விசையே இல்லை. முதுகுத் தசைகள் இறுக இறுகக் கருவி மெல்லச் சுழன்று, ஒரு நிலையில் நாணைத் தானே விடும். நான்காவது, குறித்த அளவினும் இழுவிசை மிகும்போது நாணை விடுவது. பின்னைய இரண்டிலும் நாண் விடுபடும் நொடியை வில்லாளர் முன்னறிய இயலாது. அறியாதபோது விரலுக்கு ஆணையும் இல்லை. அதிர்ச்சியை எதிர்நோக்கி உடல் இறுகுதலும் இல்லை.

வளைநுனி வில்லாகிய ரிகர்வ் வில்லில் இக்கருவிகளுக்கு விதி இடந்தராது. ஆங்குக் 'கிளிக்கர்' என்னும் மெல்லிய தகடு உதவுகின்றது. கணையின் முனை முழுதும் உள்ளே வந்ததும் தகடு ஒலிக்கும். அவ்வொலியே விடுதற்குரிய குறிப்பு. 2019-இல் நெதர்லாந்தில் நடந்த உலக மாற்றுத்திறனாளர் வில்வித்தைப் போட்டியில் வாகை சூடிய மலேசியத் தமிழர் சுரேஷ் செல்வத்தம்பி ரிகர்வ் பிரிவினரே. அதற்கு நான்காண்டுகளின்பின், 2023-இல் பெர்லினில் நடந்த உலகப் போட்டியில், கருவி கொண்டு எய்யும் கூட்டு வில் பிரிவில் இந்தியாவின் ஓஜஸ் தியோதலே 150-149 என வென்றார். 50 மீட்டர் தொலைவில் எய்த 15 கணைகளும் 8 சென்டிமீட்டர் அகல வட்டத்தினுள் பாய்ந்தன. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கூட்டு வில் கலப்பு இணைப் போட்டியும் சேர்க்கப்பட்டுள்ளது.

நோய் தீர்க்கும் வழி

கருவியை மாற்றியதும் நோய் நீங்கும் என எண்ணுதல் பிழை. பழைய அச்சம் சில நாளில் கீல் கருவியையும் வெடுக்கெனத் திருப்பக் கற்றுவிடும். பழக்கத்தால் வந்தது பழக்கத்தாலேயே போக வேண்டும்.

முதற்கண் குறியை அகற்ற வேண்டும். குறித்தாள் இல்லாத வெறும் பொதியின் முன்னே, சில அடித் தொலைவில் நின்று எய்தல் வேண்டும். தக்க பயிற்றுநர் அருகிருப்பின் கண்ணை மூடியும் எய்யலாம். தவற வழியில்லாமையால் அச்சத்திற்கும் இடமில்லை. முதுகு இறுகுவதையும் நாண் தானே விடுபடுவதையும் உடல் அறியும். இதனைச் சில வாரங்கள் விடாது செய்தல் நலம். இரண்டாவதாக, குறியை நோக்கி வில்லை நிறுத்தி, எய்யாமலே நாணைத் தளர்த்தி மீளல் வேண்டும். கண்டால் விட்டே ஆகவேண்டும் என்னும் கட்டு இதனால் அறுபடும். மூன்றாவதாக, பெரிய குறித்தாளை மிக அருகில் வைத்துத் தொடங்கி, நாளடைவில் தொலைவை மிகுத்தல் வேண்டும். அச்சம் மீண்டும் தலைகாட்டின், நாணாது முந்திய தொலைவிற்கே திரும்புதல் வேண்டும்.

கீல் கருவியைப் புதிதாய்க் கொள்வோர் முதலில் வில்லைத் தொடலாகாது. தம் இழுவைக்கு ஒத்த கயிற்றுக் கண்ணி ஒன்றை இரு கையாலும் இழுத்துப் பழகுக. வில்லை இழுக்கும் இடையிலேயே கருவி விடுபடின், கை முகத்தில் மோதும்.

ஜொகூர் தோட்டங்களில் ரப்பர் மரம் சீவிய முதியோர் இவ்வுண்மையை வேறு தொழிலில் அறிவர். நிறையவேண்டிய பால்வாளியை எண்ணி விரைந்த கை பட்டையைத் தாண்டி மரத்தைக் காயப்படுத்தும். சீவும் ஆழத்தில் மட்டும் கருத்திருந்த கை, காயமின்றிச் சீவும். தனியே பிழையின்றிப் படிக்கும் சிறுவன், வகுப்பின் முன் எழுந்ததும் முதற்சொல்லிலேயே தடைப்படுவதுண்டு. அவனை நோக்கி 'கவனம், கவனம்' என்பது குறியை இன்னும் பெரிதாக்கிக் காட்டுவதாகும். அவனுக்கும் சிறிது காலம் வெறும் பொதி வேண்டும். கேட்போரும் மதிப்பெண்ணும் இல்லாத ஓரிடத்தில் படித்துப் பழகி, பின்னர் ஒருவர் முன்னும் இருவர் முன்னும் படித்து, வகுப்பின் முன் வருதல் வேண்டும்.

துரோணர் கதையில் பலர் கூறாது விடும் பகுதி ஒன்று உண்டு. தாம் ஆணையிட்ட பின்னரே கணையை விடவேண்டும் என ஆசான் முன்னரே விதித்திருந்தார். அருச்சுனன் பறவையின் தலையைக் கண்டான். கண்டும் விடாது நின்றான். ஆசான் சொல் பிறந்தபின் விட்டான். காண்டல் ஒரு செயல், விடுதல் பிறிதொரு செயல். மாணவர்க்கு இரண்டையும் சேர்த்தே கற்பித்தல் கடன்.